கடலோரத்திற்கு எந்த நாற்காலி? – தோட்ட பர்னிச்சர் விற்கும் வியாபாரிகளின் கவனத்திற்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தொடங்கி வடநெம்மேலி, மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வரை ஓய்வு விடுதிகளும், உணவகங்களும், பண்ணை வீடுகளும் பெருகிவிட்டதை நம் உறுப்பினர்கள் அனைவரும் அறிவார்கள். இவர்களுக்கெல்லாம் திறந்த வெளியில் போடுவதற்கு நாற்காலி, மேசை, பெஞ்சு, ஊஞ்சல் தேவைப்படுகிறது. மழைக்காலம் ஓய்ந்து, மாமல்லபுரத்தில் நாட்டிய விழா தொடங்கும் டிசம்பர் மாதத்தை ஒட்டி இந்தச் சரக்குக்கு நல்ல கிராக்கி உண்டாகிறது. செங்கல்பட்டு, மறைமலைநகர், திருக்கழுக்குன்றம் கடைகளுக்கு இது நல்ல வியாபாரம்தான். ஆனால் விற்ற சரக்கு இரண்டே வருடத்தில் துருப்பிடித்துத் திரும்பி வந்து கடை வாசலில் நிற்கிறது என்ற புகாரும் கூடவே வருகிறது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே விலை. செங்கல்பட்டில் ஒரு வீட்டு மாடியில் போட்ட இரும்பு நாற்காலி வருடக் கணக்கில் நிற்கிறது. அதே நாற்காலி கடலோரத்தில் இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை. எனவே தோட்ட பர்னிச்சர் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘என்ன பட்ஜெட்?’ என்பது அல்ல. ‘போடப் போகும் இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம்?’ என்பதுதான். இதைக் கேட்காமல் விற்பதால் வரும் நஷ்டம் வாடிக்கையாளருக்கு மட்டும் அல்ல.

மாமல்லபுரத்தில் சிறிய உணவகம் நடத்தும் ஒருவரைப் பற்றி நம் வியாபார வட்டாரத்தில் பேச்சு உண்டு. கைமாற்று வாங்கி 24 இரும்பு நாற்காலிகள் எடுத்தார். பவுடர் கோட்டிங் செய்த, பார்க்க அழகான சரக்கு. இரண்டாவது மழைக்காலம் முடிந்த பிறகு, சாப்பிட உட்கார்ந்த விருந்தாளி ஒருவர் கால் ஒடிந்த நாற்காலியோடு கீழே விழுந்தார். பெயிண்டுக்கு உள்ளே குழாய் முழுவதும் தின்றுபோயிருந்தது. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டினார். கம்பெனி, ‘வீட்டு உபயோகத்திற்கு மட்டும்’ என்று அட்டையில் அச்சடித்திருந்ததைக் காட்டியது. அந்த உணவகக்காரர் வழக்குப் போடவில்லை. ஆனால் தெரு முழுவதும் சொன்னார். அந்தத் தெருவிலிருந்து அந்தக் கடைக்கு அதன் பிறகு ஒரு ஸ்டூல் கூடப் போகவில்லை.

உப்புக் காற்று செய்யும் வேலை

அலை உடையும்போது நுண்ணிய உப்புத் திவலைகள் காற்றில் ஏறுகின்றன. இவற்றில் பெரும்பகுதி கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். தூரம் போகப் போக வேகமாகக் குறையும். பிற்பகலில் கடற்காற்று பலமாக வீசும் மாதங்களில் இன்னும் சற்று உள்ளே வரை வரும். நம் கணக்குக்கு, சாலைக்குக் கிழக்கே உள்ளதெல்லாம் உப்புப் பிரதேசம் என்றும், திருக்கழுக்குன்றம் தாண்டிவிட்டால் சாதாரணப் பிரதேசம் என்றும் வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட இடங்களில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மழை பெய்தால்தான் இரும்பு துருப்பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அப்படி இல்லை. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக்கொள்ளும். கடல் உப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடோ, ஈரப்பதம் 35 சதவீதத்திற்குக் கீழே இருந்தால் கூட இழுக்கும். ஆகவே உப்புப் படிந்த நாற்காலி வெயில் காயும் நாளிலும் நம் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடுதான் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெட்டவெளியில் நனையும் நாற்காலியை விட, தாழ்வாரத்தில் கூரைக்கு அடியில் இருக்கும் நாற்காலி சில சமயம் முதலில் துருப்பிடிக்கும். மழை வந்து உப்பைக் கழுவுவதில்லை அல்லவா? அதே காரணத்தால்தான் இருக்கையின் மேல்புறம் பளபளப்பாக இருக்க, அடிப்புறம் பொரிந்து போகிறது. வாடிக்கையாளர்கள் மேலே துடைப்பார்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பவர் யார்?

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் முகாமில் கடலோரத்திலேயே பரிசோதனைத் திடல் அமைத்து, உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் வைத்து ஆராய்ந்திருக்கிறது. இந்தியா முழுவதற்கும் துரு வரைபடம் ஒன்றையும் தயாரித்தது. அந்த அளவுக்கு இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கும்போது, ஊர் முழுவதற்கும் ஒரே சரக்கை அடுக்கி வைத்து விற்பது சரியாகுமா?

நடுத்தர விலைதான் ஆபத்து

இப்போது கணக்குக்கு வருவோம். விலைகள் உதாரணத்துக்குச் சொல்பவை. அவரவர் கொள்முதல் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வட்டியை நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று வைத்து, போட்ட முதல் வருடா வருடம் தேய்வதால் சராசரியாகப் பாதி முதலுக்கு வட்டி கணக்கிடுகிறேன்.

நல்ல பிளாஸ்டிக் நாற்காலி 900 ரூபாய், முழு வெயிலில் மூன்று வருடம் உழைக்கிறது. தேய்மானம் வருடத்திற்கு 300, வட்டி 54, ஆக 354 ரூபாய். பவுடர் கோட்டிங் இரும்பு நாற்காலி 1,800 ரூபாய், கடலோரத்தில் இரண்டு வருடம். தேய்மானம் 900, வட்டி 108, ஆக 1,008 ரூபாய். துருப்பிடிக்காத திருகாணி போட்ட அலுமினிய நாற்காலி 3,600 ரூபாய், பன்னிரண்டு வருடம். தேய்மானம் 300, வட்டி 216, ஆக 516 ரூபாய். கடைசியில் பழைய அலுமினியம் எடைக்குப் போகும்போது கொஞ்சம் திரும்பி வரும். அதே 1,800 ரூபாய் இரும்பு நாற்காலியைச் செங்கல்பட்டில் போட்டு, இடையில் ஒருமுறை பெயிண்ட் அடித்து ஒன்பது வருடம் ஓட்டினால், தேய்மானம் 200, வட்டி 108, ஆக 308 ரூபாய்தான். பெயிண்ட் செலவைச் சேர்த்தாலும் அதிகம் ஏறாது.

பாருங்கள், செங்கல்பட்டில் எல்லாவற்றிலும் மலிவாக முடியும் சரக்கு, கடலோரத்தில் எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததாக முடிகிறது. வாடிக்கையாளர் மனம் இயல்பாக நடுத்தர விலைக்குப் போகும். மலிவு என்றால் மட்டம் என்ற பயம், அதிக விலை என்றால் தாங்காது என்ற பயம். நாமும் நடுவில் உள்ளதைக் காட்டினால் சீக்கிரம் பில் போட்டுவிடலாம். உப்புக் காற்றில் அந்த நடுத்தரம்தான் கவிழ்க்கிறது. கையில் பணம் குறைந்தவருக்கு நல்ல பிளாஸ்டிக்கைக் காட்டுங்கள். நிலைத்து நிற்கும் விடுதிக்கு அலுமினியமோ கல்லோ காட்டுங்கள். இடையில் உள்ள இரும்பை உள்ளூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடியதை விற்றால்தான் நாணயமான வியாபாரம் என்பதும் இல்லை. ஆறு மேசை போடும் சுண்டல் கடைக்காரரிடம் அலுமினியத்தைத் தள்ளினால், அவருடைய முதல் முடங்கிப் போகும்.

இரும்பு, எவர்சில்வர், அலுமினியம்

கடலோரத்திற்கு இரும்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழாயை அறுத்து, வெல்டிங் செய்து முடித்த பிறகு முழு நாற்காலியையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் நன்றாக நிற்கும். இதற்கு இந்தியத் தர நிர்ணயம் 4759 என்ற எண் உண்டு. ஆனால் சந்தையில் ‘ஜி.ஐ. பைப்’ என்று வருவதில் பெரும்பாலும் குழாய் மட்டும் பூச்சுப் பெற்றது. வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். அதன் மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். துரு அங்கேதான் தொடங்கும். சரக்கு எடுக்கும்போது வெல்டிங் மூட்டைப் பாருங்கள். கால் நுனியில் உள்ள பிளாஸ்டிக் புஷ்ஷைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வெளியே 70 மைக்ரான் பவுடர் இருந்து என்ன பயன், உள்ளே வெறும் இரும்பு இருந்தால்? குழாயின் கனமும் முக்கியம். 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர். 20 கேஜ் குழாய் கடலோரத்திற்கு உதவாது.

எவர்சில்வர் விஷயத்தில் ஒரு தந்திரம் நடமாடுகிறது. ‘காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், ஒரிஜினல் 304’ என்பார்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். கடற்காற்றில் சீக்கிரம் பழுப்புக் கறை ஏறும். 304-இலும் கறை வரும், ஆனால் மெதுவாக வரும், கழுவினால் போகும். மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்த 316 ரகம்தான் கடலோரத்திற்கு உரியது. விலை அதிகம். நாற்காலி முழுவதும் அதில் வாங்க முடியாவிட்டாலும், திருகாணிகளையாவது அதில் போடலாம். ரகத்தைக் கண்டுபிடிக்க, ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்கும் திரவம் பழைய உலோகம் வாங்கும் கடைகளில் வைத்திருக்கிறார்கள். நாமும் ஒரு பாட்டில் வாங்கி வைப்பது நல்லது.

காந்தம் உதவும் இடம் வேறு ஒன்று. செயற்கைப் பிரம்பு பின்னிய சோபா செட்டுகள் இன்று அதிகம் விற்கின்றன. பின்னலுக்குள்ளே இருப்பது அலுமினியமா இரும்பா என்பது கண்ணுக்குத் தெரியாது. காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும். ஒட்டினால் அது கடலோரச் சரக்கு அல்ல. பின்னல் நாரும் இரண்டு விதம். பாலிஎதிலீன் நார் வெயிலைத் தாங்கும், மலிவான பி.வி.சி. நார் நாளடைவில் விறைத்து வெடிக்கும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகாணி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். நைலான் வாஷர் வைப்பது நலம்.

பிளாஸ்டிக்கை எடை போட்டு வாங்குங்கள்

ஒரே அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பிரான்சில் ஆன்றி மசோனே என்பவர் 1972-இல் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கினார். இன்று கல்யாண மண்டபம் முதல் கட்சிக் கூட்டம் வரை அது இல்லாத இடம் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2008 முதல் 2017 வரை பொது இடங்களில் இதைப் போடக் கூடாது என்று தடை இருந்ததாம், ஊர் அழகு கெடுகிறது என்று. நம் மீனவர் குப்பங்களில் கேட்டால் வேறு பதில் வரும். துருவே பிடிக்காத ஒரே நாற்காலி அதுதான்.

பாலிபுரொப்பிலீனுக்குப் பகை உப்பு அல்ல, வெயில். வெயிலைத் தாங்கும் மருந்து சேர்க்காத நாற்காலி சுண்ணாம்பு போல் பூத்து, ஒரு நாள் காலை விரித்து உட்கார்ந்துவிடும். மறுசுழற்சிப் பிளாஸ்டிக் அதிகம் கலந்தால் இன்னும் சீக்கிரம். கொள்முதலில் இதைக் கண்டுபிடிக்க நான் பின்பற்றுவது தராசு. கைப்பிடி வைத்த நாற்காலி பொதுவாக இரண்டு கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கும். விலையை எடையால் வகுத்து, கிலோவுக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். மாடல் பெயர்களின் கவர்ச்சி அங்கே கலைந்துவிடும். கிலோ விலை மிகக் குறைவாக விழுந்தால் கலப்படப் பொருள் என்று சந்தேகிக்கலாம். அடிப்புறத்தில் நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறதா, மண்ணெண்ணெய் போன்ற வாடை வருகிறதா என்றும் கவனியுங்கள். கைப்பிடியை வளைத்தால் வெளிறிய கோடு உடனே விழுந்தால் அதை வாங்காதீர்கள். தயாரிப்பாளரிடம் ‘வெளிப்புற உபயோகத்திற்கு’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நம் ஊர் நாற்காலியையும் மறந்துவிட வேண்டாம். ஒயர் போனால் திரும்பப் பின்னலாம். சட்டத்தை மட்டும் அலுமினியத்திலோ, முழுவதும் துத்தநாகத்தில் முக்கியதிலோ செய்து தரச் சொன்னால், விடுதிகளுக்கு அது அருமையான சரக்கு. பின்னுவதற்கு ஆட்கள் நம் பகுதியில் இன்னும் கிடைக்கிறார்கள்.

மரம், பிரம்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதி உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். பாலிஷ் இல்லாமல் விட்டாலும் சாம்பல் நிறமாகுமே தவிர மட்கிப் போகாது. வார்னிஷ் அடித்தால்தான் தொல்லை, உரியும். இளம் தேக்கில் வெளிர் நிறப் பால்கட்டை அதிகம். அதைத் தேக்கு விலைக்கு வாங்காதீர்கள். இரும்பு ஆணி வேண்டாம், பித்தளையோ எவர்சில்வரோ போதும். கடலோரம் எங்கும் சவுக்குத் தோப்புகள் இருப்பதால் சவுக்கில் பெஞ்சு செய்கிறார்கள். பந்தல் காலுக்கு அது சரி. மண்ணில் ஊன்றினால் செல் அரிக்கும், வெடிக்கும். இயற்கைப் பிரம்பு தாழ்வாரத்திற்கு மட்டும். மழையில் நனைந்தால் கட்டு தளர்ந்து பூஞ்சணம் பிடிக்கும்.

கைக்கெட்டும் தூரத்தில் கல்

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957-லிருந்து அங்கே இயங்குகிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்திற்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் விடுதிக்காரர்கள் சிலைகளை மட்டும் அங்கே வாங்கிவிட்டு, நாற்காலியை வெளியூரிலிருந்து தருவிக்கிறார்கள். நம் வியாபாரிகளும் கருங்கல் பெஞ்சைச் சரக்காகவே நினைப்பதில்லை. இது விசித்திரமாக இருக்கிறது.

ஐந்து அடி நீளம், ஒன்றரை அடி அகலம், நான்கு அங்குல கனம் உள்ள பலகைக் கல் இரண்டரை கன அடி. கன அடிக்கு ஏறக்குறைய 76 கிலோ வீதம் 190 கிலோ வரும், கால்கள் தனி. மூவர் உட்காரலாம். 9,000 ரூபாய் என்று வைத்தால், தேய்மானம் இல்லை, முழு முதலுக்கும் வட்டி 1,080. ஓர் ஆளுக்கு 360 ரூபாய். பிளாஸ்டிக் நாற்காலியின் 354 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருடு போகாது. காற்றிலும் பறக்காது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. லேசான நாற்காலி விற்பவர்கள், அடுக்கிச் சங்கிலி போட்டுக் கட்டும் வசதியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கல்லுக்கும் உப்பு பகைதான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் உப்புக் காற்றில் மழுங்கியிருப்பதைக் காண்கிறோம். தொல்லியல் துறையினர் கடலோரம் கற்களைக் கொட்டித் தடுப்பு அமைத்து, சவுக்கு வைத்து, காகிதக் கூழைச் சுவரில் பூசி உப்பை உறிஞ்சி எடுத்துப் பாதுகாக்கிறார்கள். ஆனால் அங்கே பேச்சு ஆயிரத்து முந்நூறு வருடக் கணக்கில். ஒரு பெஞ்சுக்கு அது போதும்.

கல் பெஞ்சில் கவனிக்க வேண்டியது மூன்று. பலகையையும் காலையும் சேர்க்க உள்ளே இரும்புக் கம்பி வைத்தால், துரு பருத்துக் கல்லையே பிளந்துவிடும்; எவர்சில்வர் கம்பி வைக்க வேண்டும், அல்லது குழி வெட்டிப் பொருத்த வேண்டும். மணலில் நேரே நிறுத்தினால் புதையும், அடியில் கான்கிரீட் தளம் தேவை. சித்திரை, வைகாசி நண்பகலில் வெயிலில் கிடந்த கல்லில் உட்கார முடியாது. மர நிழலில் போடச் சொல்லுங்கள். மலிவுக்கு சிமெண்ட் பெஞ்சு கேட்பவர்களிடம், உள்ளே உள்ள கம்பிக்கு மேல் போதிய கான்கிரீட் இல்லாவிட்டால் இதே கதிதான் என்று சொல்லிவிடுங்கள். கடற்கரைகளில் வெடித்து, கம்பி தெரியும் சிமெண்ட் பெஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள்.

பில், உத்தரவாதம், வரி

2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்பவரின் பொறுப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாக வாய் நிறையக் கொடுத்து, அது பொய்த்து ஒருவருக்கு அடிபட்டால், பொறுப்பு நம் தலையில் விழலாம். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விட்டாலும் அப்படியே. ‘வீட்டு உபயோகத்திற்கு’, ‘கடலோர உபயோகத்திற்கு ஏற்றதல்ல’ என்பவற்றைப் பில்லிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று தயங்க வேண்டாம். ‘இவர் சொல்லித்தான் கொடுத்தார்’ என்ற பேச்சு அடுத்த ஆர்டரைக் கொண்டு வரும்.

கூடவே, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்புறம் உட்படக் கழுவச் சொல்லுங்கள். கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான். எவர்சில்வரை இரும்பு நார் கொண்டு தேய்க்கக் கூடாது. கால் புஷ், நைலான் வாஷர், எவர்சில்வர் திருகாணி, ஒயர் சுருள் இவற்றைக் கடையில் வைத்திருங்கள். லாபம் சிறியதுதான், ஆனால் நாற்காலி வாங்கியவர் மாதம் ஒருமுறை கடை ஏறுவார். கடலோரத்திலேயே குடோன் வைத்திருப்பவர்கள் இரும்புச் சரக்கை மழைக்காலத்திற்கு முன் தேக்கி வைக்க வேண்டாம். விற்பதற்கு முன்பே அட்டைப் பெட்டிக்குள் துரு தொடங்கிவிடும்.

ஜி.எஸ்.டி.யில் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. முழுவதும் மூங்கில், பிரம்பால் ஆன பர்னிச்சருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பிளாஸ்டிக், இரும்பு, மர பர்னிச்சருக்கு 18 சதவீதம் தொடர்கிறது. ‘முழுவதும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். செயற்கைப் பிரம்பு பிளாஸ்டிக். அதை 5 சதவீதத்தில் பில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இரும்புச் சட்டம் வைத்த இயற்கைப் பிரம்புக்குப் பில் போடும் முன்பும் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.